பக்கத்து வீட்டு அமீனும் போர் விஷமும்

கீமோதெரபி மருந்து என்பது முதல் உலகப்போரில் வீசிய விஷவாயு, அதைத்தான் ஆஸ்பத்திரியில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறார்கள், விழித்துக்கொள் தமிழா... இந்த ரீதியில் ஒரு வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். கடைசியில் எலுமிச்சையோ, முள் சீத்தாவோ, மஞ்சளோ ஒரு "இயற்கை வைத்தியம்" இலவச இணைப்பாக இருக்கும்.

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில்தான். படிச்சவங்க "புரளி, நம்பாதே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. மத்தவங்க பேசாம பத்து பேருக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம் உண்டு. முதல் ஆள் மேல கொஞ்சம் கூடவே. ஏன்னா அந்தச் செய்தியில பாதி உண்மை. உண்மையைப் புரளின்னு சொன்னா, நாளைக்கு அவன் தேடிப் பார்த்துட்டு "பாத்தியா, மறைச்சுட்டாங்க"ன்னு இன்னும் ஆழமா நம்புவான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதைச் சொல்லணும்னா ஒரு நைட்ரஜன் அணு, அதோட அக்கம்பக்கம், இதைப்பத்திக் கொஞ்சம் பேசியாகணும். கெமிஸ்ட்ரின்னதும் ஓடிடாதீங்க மக்களே, சமன்பாடு எதுவும் கிடையாது :-)

(டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு விருத்தாசலத்துல பீங்கானுக்கு கிளேஸ் கலக்குற ஆசாமி. மருத்துவ முடிவுகளை டாக்டர்கிட்டயே கேளுங்க.)

எங்க தெருவுல ஒரு அண்ணன். பட்டறையில ஃபியூஸ் கேரியருக்கு அச்சு போடுறவர். கழுத்துல கட்டி, பார்த்தா லிம்போமா. வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு சுற்று கீமோ ஆச்சு. கட்டி பாதிக்கு மேல கரைஞ்சும் போச்சு. அந்த நேரம் பார்த்து இந்தச் செய்தி வந்து சேர்ந்தது. மூணாவது சுற்றுக்கு அவர் போகலை. அண்ணி வந்து சொன்னப்புறம் போய்ப் பார்த்தேன். "தம்பி, நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே. இது விஷவாயுவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னார். அங்க டாக்டர்கிட்ட கேட்டீங்களாண்ணேன்னு கேட்டேன். "கேட்டேன். அதெல்லாம் நீங்க யோசிக்க வேண்டாம்னுட்டாங்க"ன்னார்.

இந்த "நீங்க யோசிக்க வேண்டாம்"ங்கிறதுதான் எனக்குப் பிரச்சனை. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறேன்.

முதல்ல ரசாயனம். ஒரு கார்பன் வீட்டுல குளோரின் குடியிருக்குன்னு வைங்க. அதைக் காலி பண்ணிட்டு இன்னொருத்தரைக் குடிவைக்கிறதுதான் பதிலீட்டு வினை. சாதாரணமா வெளியிலேர்ந்து ஒரு ஆள் வரணும், சரியா வீட்டுக்குப் பின்பக்கமா வரணும், முட்டித் தள்ளணும். பின்பக்கத்துலேர்ந்து ஆள் நுழைய நுழைய முன்பக்கத்துல குளோரின் வெளியேறும். கூட்டத்துல அலைஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு ஆள் சரியான திசையில வந்து முட்டுறது எப்பவாவதுதான் நடக்கும். அதனால வினை மெதுவாத்தான் போகும்.

இப்ப அதே மூலக்கூறுலயே, ரெண்டு கார்பன் தள்ளி, ஒரு அமீன் இருந்தா? அமீன்ல இருக்குற நைட்ரஜன்கிட்ட யாரோடவும் பங்கு போடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா இருக்கும். வெளியாளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல கையை நீட்டி குளோரினை வெளியே தள்ளிடுவார். தள்ளினதும் ஒரு கால் அவர் வீட்டுல, ஒரு கால் அந்த வீட்டுலன்னு நிப்பார். நைட்ரஜனும் ரெண்டு கார்பனும் சேர்ந்த மூணு முனை வளையம் அது, நேர்மின் சுமையோட. அசிரிடினியம்னு பேரு. மூணு முனை வளையம்ங்கிறது வில்லை இழுத்துப் பிடிச்ச மாதிரி, எப்ப விடுபடுவோம்னு துடிச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் வர்ற யார் தொட்டாலும் படக்குனு திறந்துக்கும். தொட்டவர் அந்த வீட்டுல நிரந்தரக் குடி.

இதைத்தான் அண்டைத் தொகுதியின் பங்கேற்புன்னு சொல்றது. 1940கள்ல அமெரிக்காவுல சால் வின்ஸ்டீன்ங்கிறவர் இதை விரிவா ஆராய்ஞ்சார். "அங்கிமெரிக் உதவி"ன்னு பேர் வெச்சவரும் அவர்தான். கிரேக்கத்துல அங்கின்னா அருகில், மெரோஸ்னா பகுதி. நாம அக்கம்பக்கத்து ஒத்தாசைன்னு சொல்லிட்டுப் போகலாம்.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்துல இருந்தா மட்டும் பத்தாது, எத்தனை கார்பன் தள்ளி இருக்குங்கிறதும் முக்கியம். நாலு கார்பன் தள்ளி இருந்தா அஞ்சு முனை வளையம் வரும். மூணு முனை வளையத்தைவிட அது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேகமாவே மூடும். நாலு முனை வளையம் மகா மந்தம். அப்ப அஞ்சு முனைதானே பயங்கர ஆயுதமா இருக்கணும்? அதான் இல்லை. அஞ்சு முனை வளையம் சொகுசான வீடு, உள்ள போனவர் திரும்ப வரமாட்டார். வினை அத்தோட படுத்துக்கும். மூணு முனைதான் வேகமாவும் உருவாகும், உருவானதும் உட்கார முடியாம அடுத்தவரைத் தேடும். இந்த அவஸ்தைதான் விஷத்துக்கும் மருந்துக்கும் பொதுவான சூத்திரம்.

நிற்க. இப்ப போருக்கு வருவோம்.

1917 ஜூலையில பெல்ஜியத்துல ஈப்ரே போர்முனையில ஜெர்மன் படை கடுகு வாயுவை முதல்முறையா வீசுச்சு. கடுகுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வாசனையை வெச்சு வந்த பேரு. சுத்தமா வாயுகூட இல்லை, எண்ணெய் மாதிரி திரவம். நடுவுல ஒரு கந்தகம், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கார்பன், முனையில ஒவ்வொரு குளோரின். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கந்தகம். கந்தகத்துக்குப் பதிலா ஆக்சிஜனை வெச்ச அதே மாதிரி சேர்மத்தோட ஒப்பிட்டா, கந்தகச் சேர்மம் தண்ணியில பத்தாயிரம் மடங்குபோல வேகமா வினைபுரியும். ஈரம் இருக்குற இடமெல்லாம், அதாவது கண்ணு, நுரையீரல், வியர்வை படிஞ்ச தோல், எல்லா இடத்துலயும் அது வேலையைக் காட்டினது ஏன்னு புரியுதா?

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர்க் கதைன்னு நினைக்க வேண்டாம். 1930கள்ல தொடங்கி பத்து வருஷத்துக்கு மேல, ராவல்பிண்டியில பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நூத்துக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள்மேல கடுகு வாயுவைச் சோதிச்சுப் பார்த்தாங்க. 2007ல்தான் இது பத்திரிகையில பெரிசா வெளியே வந்தது. சுதந்திர இந்தியாகிட்டயும் சரக்கு இருந்தது. 1997ல் இந்திய அரசே 1,044 டன் கந்தகக் கடுகு இருக்குன்னு கணக்குக் காட்டுச்சு. 2009ல் எல்லாத்தையும் அழிச்சு முடிச்சது. ஆக, போர் விஷம்னு பயப்படுறவங்களைப் பார்த்துச் சிரிக்க நான் தயாரில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு.

கந்தகத்தை எடுத்துட்டு நைட்ரஜனை வெச்சா நைட்ரஜன் கடுகு. ரெண்டாம் உலகப்போருக்காகச் செஞ்சு வெச்சாங்க, களத்துல வீசலை. கடுகு வாயு பட்டவங்களுக்கு ரத்தத்துல வெள்ளை அணு சரிஞ்சுபோகுதுன்னு 1919லேயே கிரம்பார் தம்பதி எழுதியிருந்தாங்க. வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகுறதுதான் லிம்போமா. அப்ப இதை அதுக்கு எதிரா ஏவினா என்ன? யேல் பல்கலைக்கழகத்துல லூயிஸ் குட்மன், ஆல்ஃப்ரெட் கில்மன் ரெண்டு பேரும் (மருந்தியல் படிக்கிறவங்க மூட்டை மாதிரி தூக்கிட்டு அலையுற புத்தகம் இவங்களோடதுதான்) எலியில பார்த்துட்டு, 1942 ஆகஸ்ட் கடைசியில ஒரு மனுஷருக்குக் குடுத்தாங்க. ஜே.டி. என்ற எழுத்துகளாலதான் அவரை உலகத்துக்குத் தெரியும். கதிர்வீச்சும் கைவிட்ட நோயாளி. போர் ரகசியம்கிறதால மருந்துச் சீட்டுல "எக்ஸ் பொருள்"னு மட்டும் எழுதினாங்களாம். கட்டிகள் கரைஞ்சுது. ஆனா திரும்ப வந்துச்சு. டிசம்பர் 1ஆம் தேதி அவர் இறந்துட்டார். போர் முடிஞ்சு 1946ல்தான் இந்த ஆராய்ச்சியை அச்சுல போட முடிஞ்சது.

நடுவுல 1943 டிசம்பர் 2ல் இத்தாலியின் பாரி துறைமுகத்துல ஜெர்மன் விமானங்கள் குண்டு போட, ஒரு அமெரிக்கக் கப்பல்ல ரகசியமா வெச்சிருந்த கடுகு வாயுக் குண்டுகள் வெடிச்சு, நூத்துக்கணக்கான பேர் பாதிக்கப்பட்டாங்க. இதைத்தான் கீமோவோட ஆரம்பம்னு நிறைய இடத்துல எழுதுறாங்க. தேதியைப் பாருங்க, யேல் சோதனை அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முந்தினது.

இதுவரைக்கும் வாட்ஸப்காரர் சொன்னது சரி. அவர் இங்கேயே நிறுத்திட்டு எலுமிச்சைக்குப் போயிடுறார். கதை இங்கதான் தொடங்குது.

அந்த முதல் நைட்ரஜன் கடுகுல நைட்ரஜனுக்குக் கை கட்டே கிடையாது. எலக்ட்ரான் ஜோடி முழுசாச் சும்மா இருக்கு. அதனால கரைச்ச உடனே ஊசி போட்டாகணும், இல்லேன்னா பாட்டில்லயே வினை முடிஞ்சிடும். உடம்புக்குள்ள போனா எதிர்ப்பட்டதையெல்லாம் பிடிக்கும். சரி, நைட்ரஜன் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டா?

பட்டறைக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். சூளைச் சூடு ஒண்ணுதான். எவ்வளவு வேகமா ஏத்துறோம்கிறதுலதான் ஜாமான் வெடிக்குறதும் பிழைக்குறதும். ஈரம் இருக்குற மண்ணை ஒரே மூச்சுல ஏத்தினா உள்ள தண்ணி ஆவியாகி பிளந்துடும்.

1950களோட தொடக்கத்துல லண்டன்ல செஸ்டர் பீட்டி ஆராய்ச்சி நிலையத்துல, நைட்ரஜனை ஒரு பென்சீன் வளையத்தோட இணைச்சாங்க. அந்த வளையம் நைட்ரஜனோட எலக்ட்ரான் ஜோடியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வெச்சுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இப்பவும் உதவுவார், ஆனா சாவகாசமா. இப்படி வந்ததுதான் குளோராம்புசில், மெல்ஃபலான். வாயில போட்டு விழுங்குற மாத்திரையா குடுக்கலாம்கிற அளவுக்கு நிதானம். மெல்ஃபலான்ல இன்னொரு தந்திரம், ஃபினைல் அலனின்ங்கிற அமினோ அமிலத்தோட முதுகுல ஏத்தி விட்டிருக்காங்க. செல்லு உணவுன்னு நினைச்சு உள்ள இழுத்துக்கும். மையலோமாவுக்கு இன்னைக்கும் அதுதான் பெரிய துணை.

அடுத்து வந்ததுதான் கில்லாடி. ஜெர்மனியில ஆஸ்டா கம்பெனியில நார்பர்ட் பிராக், ஹெர்பர்ட் ஆர்னால்ட் குழு. நைட்ரஜனை ஆக்சிஜனோட இருக்குற பாஸ்பரஸ்ல கட்டினாங்க. பாஸ்பரஸ் இழுக்குற இழுப்புல நைட்ரஜன் கை கிட்டத்தட்ட முழுசாக் கட்டுண்டு கிடக்கும். இது சைக்ளோபாஸ்பமைட். 1950களோட கடைசியில மருத்துவமனைக்கு வந்தது. இந்தக் கட்டைப் புற்றுக்கட்டியில இருக்குற ஒரு நொதி அவிழ்க்கும்னு அவங்க கணக்குப் போட்டாங்க. கணக்கு தப்பு, மருந்து சரி! கல்லீரல்தான் முதல் முடிச்சை அவிழ்க்குது. அப்புறம் அது செல்லுக்குள்ள போய் ரெண்டா உடையும். உடைஞ்ச துண்டுல இருக்குற பாஸ்பரஸ் பக்கம் எதிர்மின் சுமை வந்ததும் இழுப்பு தளரும். நைட்ரஜன் கை விடுதலை. உடனே மூணு முனை வளையம், அடுத்து டி.என்.ஏ.ல இருக்குற குவானின் வந்து தொடும். இன்னொரு பக்கத்துக் குளோரினுக்கும் இதே கதை. ரெண்டு கையாலயும் டி.என்.ஏ.வோட ரெண்டு இழைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டா, அந்த செல்லு இரட்டிக்க முடியாம செத்துப்போகும்.

இதுல கொசுறா ஒரு நல்லது. ரத்தத்தை உருவாக்குற எலும்பு மஜ்ஜைத் தாய்ச் செல்கள்ல ஒரு நொதி நிறைய இருக்கு. அது அவிழ்ந்த மருந்தைத் துண்டாகுறதுக்கு முன்னாடியே செல்லாக்காசாக்கிடும். அதனாலதான் வெள்ளை அணு சரிஞ்சாலும் சில வாரத்துல திரும்ப ஏறுது. போர் விஷத்துல இந்த மாதிரி எந்தப் பாகுபாடும் கிடையாது. கட்டு அவிழ்ற இடமும் நேரமும்தான் ரெண்டுக்கும் வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்றவங்க, ரெண்டுலயும் நைட்ரஜன், குளோரின் இருக்குன்னு மட்டும் பார்த்துட்டுச் சொல்றாங்க.

"சரி, அப்ப ஒரு கெடுதலும் இல்லையா?" இருக்கு. நிறையவே இருக்கு. முடி கொட்டும். வாந்தி. வெள்ளை அணு குறையிற நாள்ல சாதாரண காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்து. குழந்தைப்பேறு பாதிக்கலாம். பல வருஷம் கழிச்சு வேறொரு புற்றுநோய் வர ஒரு சின்ன வாய்ப்பு. ஆமா, சைக்ளோபாஸ்பமைடே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியல்ல முதல் வகுப்புல இருக்கு. இதையெல்லாம் ஒளிக்கக் கூடாது. கூடவே, உடையுற ரெண்டு துண்டுல இன்னொண்ணு அக்ரோலின். அது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் வர வைக்கும். அதுக்குத்தான் அதிக டோஸ் குடுக்கும்போது மெஸ்னான்னு ஒண்ணு சேர்த்துக் குடுக்குறாங்க. அது அக்ரோலினைப் பிடிச்சு வெச்சுக்கும். "தண்ணி நிறைய குடிங்க"ன்னு நர்ஸ் பத்து தடவை சொல்றதுக்கும் இதான் காரணம். காரணத்தைச் சொன்னா குடிப்பாங்க. எங்க அண்ணன் ரெண்டு சுற்றுலயும், அடிக்கடி பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியைக் குறைச்சிருக்கார். ஏன்னு யாரும் சொல்லலையே!

தராசோட மறுதட்டையும் பாருங்க. 1980களோட நடுவுல சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணும் சேர்ந்து குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841ன்னு ஒரு சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டுவந்தாங்க. பல மருந்துகள்ல சைக்ளோபாஸ்பமைடும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல அஞ்சு குழந்தையில ஒண்ணு பிழைச்சாலே பெரிசு. அதுக்கப்புறம் ரெண்டுல ஒண்ணு அளவுக்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கி, டாக்டர் சாந்தா ஆயுள் முழுக்க இருந்து கட்டின இடம் அது. அங்க பிழைச்ச குழந்தைகளோட உடம்புல ஓடினதும் இதே நைட்ரஜனோட கைவேலைதான். எலுமிச்சை வைத்தியத்துக்கு இப்படி ஒரு கணக்கு யாராவது காட்டட்டும், நானே முதல் ஆளா ஃபார்வர்ட் பண்றேன்.

இன்னொரு வருத்தம். காலேஜ்ல எங்களுக்கு அண்டைத் தொகுதிப் பங்கேற்பு அஞ்சு மார்க் கேள்வி. ரெண்டு தடவை தலைகீழாகி மறுபடி பழைய அமைப்பே வரும், அம்புக்குறி போடு, முடிஞ்சது. இந்த அம்புக்குறிதான் உங்க பெரியம்மாவுக்கு ஏறுற டிரிப்ஸ்னு ஒரு வரி யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா ஊருக்கு நாலு பேராவது, கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. சொல்ற வேலையை டாக்டர் தலையிலயே கட்டவும் முடியாது. ஒரு நாளைக்கு அவர் பார்க்குற கூட்டத்தை நானும்தான் பார்த்தேன். ஆனா "யோசிக்க வேண்டாம்"னு சொல்றதுக்கும், "ஆமா, அந்த வழியில வந்ததுதான், ஆனா கட்டிப்போட்டுக் குடுக்குறோம்"னு சொல்றதுக்கும் ஆகுற நேரம் ஒண்ணுதான்.

அண்ணன் முழுசாக் கேட்டார். கடைசியில "அப்ப விஷம்தான். ஆனா பூட்டு போட்ட விஷம், சாவி கல்லீரல்கிட்ட"ன்னார். நான் சொன்னதைவிட இது சுருக்கம். மறுவாரம் மூணாவது சுற்றுக்குப் போனார். இன்னும் மூணு பாக்கி.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா வாங்க. கும்மி மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

பி.கு: வீட்டுல யாராவது குளோராம்புசில், மெல்ஃபலான் மாத்திரை சாப்பிட்டா, அதைச் சமையலறை அலமாரியில வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைங்க (ஃப்ரீசர்ல இல்லை). உடைக்காதீங்க, பொடி பண்ணாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க வெறுங்கையால எடுத்துக் குடுக்க வேண்டாம். நைட்ரஜன் கையைக் கட்டித்தான் வெச்சிருக்காங்க, வெட்டலை.